சிறையில் இருக்கும் பெண்ணின் உடல்நலம்

சிறைச்சாலை என்றதும் எமது பெண்கள் பலருக்கு நினைவுக்கு வருவது அதன் வாசலில் காத்திருந்த நாட்களே. கணவனுக்காக, மகனுக்காக, சகோதரனுக்காகச் சாப்பாட்டுப் பொதியுடன் வரிசையில் நின்றிருக்கிறோம். ஆனால் அந்தச் சுவருக்குள் பெண்களும் இருக்கிறார்கள். தண்டப்பணம் கட்ட வழியில்லாதவர்கள், பிணை எடுக்க ஆளில்லாமல் விளக்கமறியலில் இருப்பவர்கள், கைக்குழந்தையுடன் இருப்பவர்கள் எனப் பலர். சமூகப் பணியாளராக இவ்வாறான பெண்கள் பிரிவொன்றுக்கு நான் சென்று வருகிறேன்.

ஒரு நாள், நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் அக்கா மற்றவர்கள் எழுந்து போகும்வரை பார்த்திருந்துவிட்டு என்னருகில் வந்தார்.

"பிள்ளை, கீழ ஒரே கடி. வெள்ளையும் படுகுது. மூண்டு மாதமாப் போச்சு" என்றார்.

ஏன் மருந்தெடுக்கவில்லை என்று கேட்டேன்.

"டொக்டர் ஆம்பிளை. பக்கத்தில நிக்கிற ஆக்களுக்கும் கேட்கும். பிறகு என்னைப் பிழையான பொம்பிளை எண்டு சொல்லுவினம்."

கணவன் காணாமல் போனபின் தனியாகப் பிள்ளைகளை வளர்த்தவர் அவர். நோயைவிட அந்தப் பெயருக்கே அவர் பயந்தார். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது சமூகக் களங்கம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அது ஒரு பெண்ணை மூன்று மாதம் வாய் திறக்காமல் வைத்திருக்கும் என்பதை அன்றுதான் நேரில் கண்டேன்.

பெண் தாதி ஒருவரின் முன்னிலையில் பரிசோதனைக்கு ஒழுங்கு செய்தோம். அவருக்கு இருந்தது பங்கசுத் தொற்று. அது பொதுவாகப் பாலியல் நோயாகக் கொள்ளப்படுவதில்லை. ஈரமான உடையாலும், நீரிழிவாலும் வரக்கூடியது. மாதவிடாய்த் துணியையும் உள்ளாடையையும் பிறர் கண்ணில் படாமல் இருட்டு மூலையில் காயவிட்டதாக அவர் சொன்னார். சில நாள் மருந்தில் சுகமாகிவிட்டது.

எல்லாத் தொற்றும் இவ்வளவு இலகுவானதல்ல. கொனோரியா, கிளமீடியா போன்றவை பெண்களில் அறிகுறி காட்டாமலே இருந்து கருப்பையையும் கருக்குழாயையும் பாதிக்கலாம். சிபிலிஸ் நோயின் முதற் புண் வலிக்காது, தானாகவே ஆறியும் விடும். ஆனால் நோய் உடலில் இருக்கும். இரத்தப் பரிசோதனையில் அதைக் கண்டுபிடித்துப் பெனிசிலின் மூலம் குணப்படுத்தலாம். எச்.ஐ.வி.க்கு முற்றான குணம் இல்லாவிட்டாலும், ஒழுங்காக மருந்தெடுப்பவர் நீண்டகாலம் நலமாக வாழலாம். தாயிலிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி., சிபிலிஸ் பரவுவதை இலங்கை ஒழித்துள்ளதாக 2019இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. கர்ப்பிணிகளின் இரத்தத்தைப் பரிசோதித்துச் சிகிச்சை அளித்ததே இதற்கு முக்கிய காரணம்.

அதே பிரிவில் இன்னொரு சகோதரி பாலியல் நோய் சிகிச்சை நிலையத்துக்குப் போய்வந்தார் என்பதற்காக அவரது கோப்பையை மற்றவர்கள் தனியாக ஒதுக்கி வைத்திருந்தார்கள். ஒரே கோப்பையில் சாப்பிடுவதாலோ, மலசலகூடத்தைப் பாவிப்பதாலோ எச்.ஐ.வி. பரவாது. பாதுகாப்பற்ற உடலுறவு, ஒருவர் பாவித்த ஊசி, தொற்றுள்ள இரத்தம் என்பவற்றால் பரவும். பிளேட்டையும் பச்சை குத்தும் ஊசியையும் பகிர்ந்தால் ஈரல் அழற்சி நோயும் தொற்றலாம்.

பெண் கைதிகளுக்கென ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2010இல் பாங்கொக் விதிகளை ஏற்றுக்கொண்டது. மாதவிடாய்த் துவாய்கள் இலவசமாக வழங்கப்பட வேண்டும், பெண் கேட்டால் இயன்றவரை பெண் வைத்தியரோ தாதியோ பரிசோதிக்க வேண்டும், மருத்துவ விபரங்கள் இரகசியமாக இருக்க வேண்டும் என அவை கூறுகின்றன. ஆகவே இவற்றைக் கேட்பது வெட்கத்துக்குரியதல்ல.

சிறையில் உறவினர் உள்ள சகோதரிகள் அடுத்த முறை பார்க்கப் போகும்போது அவரது உடல்நலத்தையும் விசாரியுங்கள். அனுமதி பெற்று உள்ளாடை, துவாய், சவர்க்காரம் கொண்டு செல்லுங்கள். விடுதலையாகி வந்தவர்கள் அரச வைத்தியசாலைகளிலுள்ள பாலியல் நோய் சிகிச்சை நிலையங்களில் இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ளலாம். விபரங்கள் இரகசியமாகப் பேணப்படும். தொற்று இருப்பின் துணைவரும் சிகிச்சை பெற வேண்டும். அதுவரை உறவைத் தவிர்ப்பது நல்லது. ஆணுறையும் பாதுகாப்புத் தரும். 35 வயதானவர்கள் சுகவனிதையர் கிளினிக்கில் கருப்பைக் கழுத்துப் பரிசோதனையையும் செய்துகொள்ளுங்கள்.

அடுத்த முறை நான் போனபோது, அதிகாரிகளின் அனுமதியுடன் முற்றத்தில் வெயில் படும் இடத்தில் ஒரு கொடி கட்டப்பட்டிருந்தது. "இப்ப எல்லாரும் இதிலதான் காயப்போடுறம், பிள்ளை" என்றார் அந்த அக்கா. ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த சகோதரியின் உடுப்பும் அதே கொடியில்தான் காய்ந்துகொண்டிருந்தது.