முதல் சர்வர் வாங்கும் முன்

பத்துப் பதினைந்து பொறியாளர்களைக் கொண்ட மென்பொருள் நிறுவனம் தன் முதல் சர்வரை வாங்க முற்படுகையில், விலைப்புள்ளியில் பிராசசரின் வேகமே கண்ணைக் கவர்கிறது. ஆயினும் இப்பணியில் முதலில் போதாமற் போவது பெரும்பாலும் நினைவகமே. ஒவ்வொருவரின் சோதனைக்குமான மெய்நிகர் கணினிகளும் தரவுத்தளமும் ஒரே இயந்திரத்தில் இயங்குவதே காரணம். பிழைதிருத்தும் இ.சி.சி. நினைவகத்தையே கேளுங்கள், பின்னாளில் கூட்டிக்கொள்ளச் சில ஸ்லாட்டுகள் காலியாக இருக்கட்டும்.

கோர்களின் எண்ணிக்கையில் மறைந்திருக்கும் செலவு ஒன்றுண்டு. விண்டோஸ் சர்வர் உரிமம் கோர் கணக்கில் விற்கப்படுகிறது. ஒரு சர்வருக்குக் குறைந்தது 16 கோர்களுக்கு உரிமம் பெற வேண்டும். 32 கோர் இயந்திரத்துக்கு அத்தொகை இருமடங்காகும். கட்டணமில்லா லினக்ஸ் வகைகளைக் கையாள்வோருக்கு இக்கவலையில்லை.

ஒரே தரவை இரு டிஸ்க்குகளில் பதியும் ரெய்டு 1 முறை, ஒரு டிஸ்க் பழுதானால் காக்கும். தவறுதலாக அழிக்கப்பட்ட மூலநிரலை அது மீட்டுத் தராது; அழிப்பும் இரண்டிலுமே பதிவாகிவிடும். ஆகவே வேறிடத்தில் காப்புப் பிரதி இன்றியமையாதது.

கேஷ் கிரெடிட் வரம்பிலிருந்து சர்வர் வாங்குவதை நாம் பரிந்துரைப்பதில்லை. பல்லாண்டு உழைக்கும் சொத்தில் நடைமுறை மூலதனம் முடங்கினால், அடுத்த மாதச் சம்பளத்துக்கே இடர் நேரும். தவணைக் கடனே இதற்குப் பொருத்தமானது. உரிமம், யு.பி.எஸ்., நீட்டித்த உத்தரவாதம் யாவும் அடங்கிய விலைப்புள்ளியுடன் கிளையை அணுகுங்கள். செலுத்திய ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரி வரவாகப் பெறுவோர், அத்தொகைக்குத் தேய்மானமும் கோர இயலாது என்பதைக் கணக்காளரிடம் முன்னரே பேசிக்கொள்வது நலம்.