ஜேம்ஸ்டவுன் பேரவை, 1619

வர்ஜீனியாவில் 1617-இல் எழுந்த மரத் தேவாலயம் இங்கேதான் இருந்தது. 1619 ஜூலை 30 அன்று, வட அமெரிக்க ஆங்கிலேயக் குடியேற்றங்களின் முதல் சட்டப் பேரவை அதற்குள் கூடியது. ஆளுநர் சர் ஜார்ஜ் இயர்ட்லி நடுவில் அமர, இருபுறமும் அவருடைய ஆலோசகர்கள். சபாநாயகர் ஜான் போரி ஏற்கெனவே இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்தவர். அவையை நடத்தும் முறை தெரிந்த ஒருவர் வாய்த்தது பெரிய நல்வாய்ப்பு. அவர் அருகே எழுத்தர் ஜான் ட்வைன். ஏவலுக்குக் காத்து நின்றவர் அவைக் காவலர் தாமஸ் பியர்ஸ்.

11 குடியிருப்புகளிலிருந்து 22 பிரதிநிதிகள் வந்தார்கள். பெயர் சொல்லி ஒவ்வொருவராக அழைத்து உறுதிமொழி வாங்கினார்கள். கேப்டன் ஜான் மார்ட்டினின் தோட்டத்திலிருந்து வந்த இருவருக்கு மட்டும் இடம் மறுக்கப்பட்டது. காலனியின் சட்டங்களிலிருந்து மார்ட்டினுக்கு அவருடைய உரிமைப் பட்டயம் விலக்கு அளித்திருந்தது. கட்டுப்படாதவரின் ஆட்கள் சட்டம் இயற்றக் கூடாது என்று அவை உறுதியாக நின்றது.

கோடை வெயில் கொடுமையாக இருந்தது. ஆகஸ்ட் 1 அன்று உறுப்பினர் வால்டர் ஷெல்லி இறந்தார். 4-ஆம் தேதி கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. சபாநாயகர், எழுத்தர், காவலர் ஆகியோரின் உழைப்புக்கு ஊதியமாக, 16 வயதைத் தாண்டிய ஒவ்வொரு ஆணும் ஒரு பவுண்டு உயர்ரகப் புகையிலை தர வேண்டும் என்று அவை தீர்மானித்தது.

பெண்களுக்கோ, இந்த மண்ணின் பூர்வகுடிகளான பவ்ஹாட்டன் மக்களுக்கோ அந்த அவையில் இடம் இல்லை.