மலைக்குப் போகும் வேன்

பெருநாள் நெருங்கும்போதே நமது வீடுகளில் ஒரு பேச்சு ஆரம்பித்துவிடும். "இந்த முறை எங்க போற?" பிள்ளைகள் கைத்தொலைபேசியில் காஷ்மீரையும் சிம்லாவையும் டார்ஜிலிங்கையும் பார்த்து வைத்திருப்பார்கள். வாப்பா மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டு மௌனமாகிவிடுவார். பிறகு மாமா ஒருவர், "ஒரு வேன் பேசினா எல்லாரும் போகலாமே" என்பார். பெரியம்மா வீட்டாரும் சேர்ந்துகொள்வார்கள். கடைசியில் பதினான்கு பேர் உட்காரும் வேனில் பத்தொன்பது பேர் ஏறியிருப்பார்கள்.

போவதில் தவறில்லை. பூமியில் பயணம் செய்து படைத்தவனின் அத்தாட்சிகளைப் பார்க்கும்படி சொல்லும் மார்க்கம் நம்முடையது. ஆனால் பயணத்தை யாருக்காகத் திட்டமிடுகிறோம் என்பதில்தான் நாம் பெரும்பாலும் சறுக்குகிறோம். இடங்களைத் தெரிவு செய்வது வாலிபர்கள். நேரத்தைத் தீர்மானிப்பது பணம் கொடுப்பவர். சமையலைச் சுமப்பது பெண்கள். மூட்டு வலியுள்ள மூத்தம்மாவிடமும் கைக்குழந்தைக்காரியிடமும் யாரும் எதுவும் கேட்பதில்லை. தொழுகை நடத்தும் இமாம், பின்னால் நிற்பவர்களில் பலவீனமானவரைக் கவனத்தில் கொள்ள வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் போதித்துள்ளார்கள். வேனில் போகும் கூட்டத்துக்கும் இந்த அளவுகோலை வைத்துப் பாருங்கள். திட்டமே வேறாகிவிடும்.

இமயமலைக்குப் போக முடியவில்லையே என்று மனம் வருந்தத் தேவையில்லை. மாத்தளை மாவட்டத்தின் கிழக்கு எல்லையில் நக்கிள்ஸ் மலைத்தொடர் எழுந்து நிற்கிறது. அதன் மிக உயர்ந்த சிகரமான கொம்பானிய 1906 மீற்றர். 2010ஆம் ஆண்டு யுனெஸ்கோ இலங்கையின் மத்திய மலைநாட்டை உலக மரபுரிமையாகப் பிரகடனப்படுத்தியபோது ஹோர்ட்டன் சமவெளி, சிவனொளிபாத மலைக்காடு ஆகியவற்றோடு நக்கிள்ஸ் காடும் அதில் சேர்க்கப்பட்டது. இங்கே மட்டுமே வாழும் பல்லி, ஓணான் இனங்கள் உண்டு. மூக்கில் இலை போன்ற நீட்சியுள்ள ஓணானைப் பார்க்க உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். நமக்கோ அது மாத்தளை நகரிலிருந்து காலைப் பொழுதில் போய்ச் சேரும் தூரம்.

இமயத்தில் லே போன்ற ஊர்கள் 3500 மீற்றர் உயரத்தில் இருக்கின்றன. அங்கே போகிறவர்கள் முதல் ஓரிரு நாள் அறையிலேயே ஓய்வெடுத்துத்தான் நடமாடத் தொடங்க வேண்டும். காற்றில் பிராணவாயு குறைவதால் வரும் மலை நோய் பொதுவாக 2500 மீற்றருக்கு மேல்தான் தலைகாட்டும். இலங்கையின் மிக உயர்ந்த மலையான பீதுருதாலகாலையே 2524 மீற்றர்தான். எனவே நமது மலை ஊர்களில் காற்றைப் பற்றிப் பயமில்லை. இங்கே ஆளைக் கொல்வது வீதி.

2025 மே 11ஆம் திகதி விடிவதற்கு முன், கதிர்காமத்திலிருந்து குருநாகல் நோக்கிச் சென்ற பஸ் றம்போடைக்கு அருகே பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே ஆண்டு செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு, எல்ல - வெல்லவாய வீதியில் சுற்றுலா சென்று திரும்பிய பஸ் பள்ளத்தில் பாய்ந்து 15 பேர் இறந்தனர். காரணங்களை ஆராய்வது நமது வேலையல்ல. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஒன்று விடிவதற்கு முன், மற்றது இரவில். நமது குடும்பங்கள் மிக விரும்பித் தெரிவு செய்யும் நேரங்களும் இவைதான்! "ராவைக்கு வெளிக்கிட்டா ஒரு நாள் மிச்சம்" என்று கொழும்பிலிருந்தும் கிழக்கிலிருந்தும் நள்ளிரவில் புறப்படுகிறோம். சாரதி முந்திய பகல் முழுவதும் வேறு ஹயர் ஓடியிருப்பார். அவர் எப்போது தூங்கினார் என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. வாடகை பேசும்போதே கேட்கவேண்டிய முதல் கேள்வி அது. வாடகைத் தொகை இரண்டாவது.

மூன்றாவது கேள்வி காப்புறுதி. வீட்டுப் பாவனைக்கென்று காப்புறுதி செய்த வேனைத் தெரிந்தவர் ஒருவர் குறைந்த விலைக்குக் கொடுப்பார். கூலிக்கு ஓடும்போது விபத்து நேர்ந்தால் நட்டஈடு கிடைக்காமல் போகலாம். பத்திரத்தை வாங்கி ஒரு முறை வாசித்துப் பாருங்கள். உறவினர்தானே என்று கூச்சப்படாதீர்கள்.

இனிப் பாதையைச் சொல்கிறேன். மாத்தளை நகரிலிருந்து ரத்தோட்டை வரை சாதாரண வீதிதான். அதற்குப் பின்தான் வளைவுகள் தொடங்குகின்றன. தேயிலையும் மிளகுக் கொடிகளும் இரு புறமும் வரும். பம்பரகிரி எல்ல நீர்வீழ்ச்சி இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதன்மேல் தொங்குபாலமொன்று உண்டு. பிறகு ஏறி ஏறி ரிவஸ்டன் கணவாய். மாத்தளை நகரம் ஏறக்குறைய 360 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ரிவஸ்டனின் தொலைத்தொடர்புக் கோபுரம் நிற்கும் உச்சி 1400 மீற்றருக்கு மேல். ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் ஆறு பாகை அளவில் குறையும். அத்தோடு கணவாய்க் காற்றும் சேர்ந்தால், மாத்தளையில் வியர்த்துக்கொண்டு ஏறிய குழந்தை இங்கே நடுங்கும். ஸ்வெட்டரைப் பெட்டியில் அடியில் வைக்காமல் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

கணவாயைத் தாண்டினால் வேறோர் உலகம். மேற்குப் பக்கம் ஈரம், கிழக்குப் பக்கம் வறட்சி. சற்றுத் தூரத்தில் பிட்டவல பத்தன என்ற புல்வெளி வரும். பாறையின்மேல் மெல்லிய மண் படலம், அதில் குட்டைப் புல். அதற்கப்பால் 'சின்ன உலக முடிவு' என்று சொல்லப்படும் செங்குத்துப் பள்ளம். மேலும் இறங்கினால் இலுக்கும்புர, தெல்கமு ஓயா, பிறகு ஸேர எல்ல நீர்வீழ்ச்சி, அப்பால் லக்கல பல்லேகம. இந்த இடங்கள் அனைத்தையும் ஒரே நாளில் பார்த்து முடிக்க வேண்டுமென்று கட்டாயமில்லை. மூத்தம்மா வேனில் இருந்தால் பிட்டவல பத்தனவும் தெல்கமு ஓயாவும் போதும். பத்தன வீதியோரமாகவே இருப்பதால் அவர் வேனருகில் பாய் விரித்து உட்கார்ந்து மலையைப் பார்க்கலாம். கோபுர உச்சிக்கு நடந்துதான் ஏறவேண்டும். வாலிபர்கள் போய் வரட்டும், ஆனால் திரும்பி வரும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போகட்டும்.

எந்த மாதத்தில் போவது? பெருநாள் ஒவ்வோர் ஆண்டும் ஏறக்குறைய 11 நாட்கள் முன்னே நகர்வதால், "போன பெருநாளைக்கு நல்லா இருந்திச்சே" என்ற அனுபவம் சில வருடங்களில் உதவாது. 2025இல் நோன்புப் பெருநாள் மார்ச் 31இல் வந்தது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த நல்ல காலம் அது. பிற்பகல் இடிமழை மட்டும் வரும். ஹஜ்ஜுப் பெருநாள் ஜூனில் வந்தது. அப்போது ரிவஸ்டனில் தென்மேற்குக் காற்று ஆளைத் தள்ளும், மூடுபனி கண்ணை மறைக்கும். டிசம்பர், ஜனவரியில் கிழக்குச் சரிவில் கனமழை. நமது முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு மாதத்தில் விடுமுறை கிடைப்பதால், மற்றவர்கள் திரளும் ஏப்ரல், ஆகஸ்ட் நெரிசலைத் தவிர்க்கும் வாய்ப்பு சில ஆண்டுகளில் நமக்கு உண்டு.

மண்சரிவை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போக முடியாது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் மலைநாட்டை எப்படிச் சிதைத்தது என்பதை நாம் கண்டோம். மாத்தளை மாவட்டமும் தப்பவில்லை. ஒரு முறை அசைந்த சரிவு அடுத்த மழைக்கும் அசையலாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைகளைப் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வெளியிடுகிறது. புறப்படும் முந்திய இரவு ரத்தோட்டை, உக்குவளை, லக்கல பல்லேகம என்ற பெயர்கள் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் பயணம் இல்லை. வேனுக்கு முற்பணம் கொடுத்தாயிற்றே என்ற வாதம் எழும். அதற்காகத்தான், மழை எச்சரிக்கை வந்தால் திகதி மாற்றுவதென்று வேன்காரரிடம் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, இலவச அம்பியுலன்சுக்கான 1990 ஆகிய இரண்டு இலக்கங்களையும் தாளில் எழுதி வேனில் ஒட்டுங்கள். மலை இடுக்குகளில் தொலைபேசி அலை விட்டுவிட்டே வரும். எந்த இடத்தில் அலை கிடைத்தது என்பதைப் போகும்போதே கவனித்து வைப்பது நல்லது.

மூவர் பயணம் சென்றால் ஒருவரை அமீராக்கிக் கொள்ளுமாறு நபிமொழியில் வந்துள்ளது. நமது வேன் பயணங்களில் இது அநேகமாகப் பேச்சளவில்தான் இருக்கிறது. அமீர் பணக்காரராக இருக்க வேண்டியதில்லை. "இன்னும் ஒரு இடம்" என்று பிள்ளைகள் கெஞ்சும்போதும், "இந்த வளைவுல முந்திக் காட்டுறன்" என்று சாரதி வேகமெடுக்கும்போதும் "வேணாம்" என்று சொல்லக்கூடியவராக இருந்தால் போதும். அது ஒரு பெண்ணாக இருந்தால் காரியம் இன்னும் சுலபமாக நடக்கும் வீடுகளும் உண்டு!

சாப்பாட்டுக்கு வருவோம். பயணத்துக்கு முந்திய இரவு நமது பெண்கள் தூங்குவதில்லை. இரண்டு மணிக்குப் புரியாணிக்கு அடுப்பு மூட்டி, ஐந்து மணிக்குப் பிள்ளைகளை உடுத்தி, வேனில் ஏறியதும் களைப்பில் சாய்ந்துவிடுகிறார்கள். மலையை அவர்கள் பார்ப்பதே இல்லை. இதற்குப் பெயர் உல்லாசப் பயணமா? வளைவுப் பாதையில் நெய்ச்சோறும் இறைச்சியும் வயிற்றில் நிற்பதுமில்லை, முதல் வளைவிலேயே பொலித்தீன் பை தேடவேண்டி வரும். ரொட்டி, கட்டசம்பல், அவித்த முட்டை, பேக்கரியில் மாலுபாண், ஒரு சீப்பு வாழைப்பழம், பிளாஸ்க்கில் இஞ்சித் தேநீர் இவை போதும். புரியாணியை மறுநாள் வீட்டில் ஆற அமர ஆக்கிக்கொள்ளலாம். வாந்தி வருபவரை முன் ஆசனத்தில் வையுங்கள், தொலைபேசியைப் பார்க்க விடாதீர்கள். இலங்கைக்கு 1344இல் வந்த இப்னு பதூதா சிவனொளிபாத மலைக்குப் போனபோது, உணவைச் சுமக்க மட்டும் பதினைந்து பேரை அரசன் கூட அனுப்பினானாம். நமது வீடுகளில் அந்தப் பதினைந்து பேரின் வேலையை ஒரு ராத்தாவும் ஒரு மாமியும் செய்கிறார்கள்.

பெண்கள் வாய் திறந்து கேட்காத இன்னொன்று கழிப்பறை. ரத்தோட்டையைத் தாண்டினால் வசதி அரிது. ஆகவே மாத்தளையிலோ ரத்தோட்டையிலோ பதினைந்து நிமிடம் நிறுத்தி, யாரும் கேட்காமலேயே எல்லோரும் போய்வர ஏற்பாடு செய்யுங்கள். இல்லையென்றால் அவர்கள் தண்ணீர் குடிக்காமலேயே நாளைக் கழிப்பார்கள். திரும்பி வந்து தலைவலியோடு படுப்பார்கள்.

தொழுகை விடயத்தில் ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. வேனில் ஏறிவிட்டாலே கஸ்ர் என்று பலர் நினைக்கிறார்கள். ஷாபிஈ மத்ஹபில் ஏறக்குறைய 80 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணத்துக்கே அந்தச் சலுகை. மாத்தளை நகரத்தவர் லக்கல வரை போனாலும் அந்தத் தூரம் வராது. கொழும்பிலிருந்து வருபவரின் நிலை வேறு. உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுவிட்டே புறப்படுங்கள். கிப்லா நமது நாட்டில் மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்தது. மூடுபனியில் சூரியன் தெரியாது, ஆகவே சிறிய திசைகாட்டி ஒன்று பையில் இருக்கட்டும். வுழூவுக்கு ஒரு கலன் தண்ணீரும் பெரிய பாயும் இருந்தால் போதும், ளுஹரைப் புல் தரையில் ஜமாஅத்தாகத் தொழலாம். பாயில் உப்புப் போட்ட துணியொன்றையும் சுற்றி வையுங்கள். மழை ஈரத்தில் அட்டை வரும்.

ஆற்றில் குளிப்பதுதான் என்னை அதிகம் பயமுறுத்தும் விடயம். தெல்கமு ஓயா பார்க்கச் சாந்தமாக ஓடும். மேலே மலையில் பெய்யும் மழை உங்களுக்குத் தெரியாது, தண்ணீர் கலங்கி நிறம் மாறினாலே எல்லோரும் கரையேறிவிட வேண்டும். அபாயா நனைந்தால் பாரம் கூடிக் காலைச் சுற்றும். முழங்காலுக்கு மேற்பட்ட நீரில் பெண்களும் சிறுமிகளும் இறங்காதிருப்பதே பாதுகாப்பு. ஸேர எல்லயில் வீழும் நீருக்குப் பின்னாலுள்ள குகை வரை போகலாம் என்றாலும் பாறை வழுக்கும். நக்கிள்ஸ் பாதுகாக்கப்பட்ட காடு. அடுப்பு மூட்டக்கூடாது, போத்தலும் பொலித்தீனும் நம்மோடு திரும்பி வரவேண்டும். தலையில் தொப்பியும் முக்காடும் போட்ட கூட்டம் குப்பையை வீசிவிட்டுப் போனால், அதைப் பார்ப்பவர் நம்மில் ஒருவரை மட்டும் குறை சொல்ல மாட்டார்.

ளுஹருக்குப் பிறகு நேரத்தை அமீர் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டரைக்கு வேன் திரும்பினால் மூடுபனி இறங்குமுன் கணவாயைக் கடந்து, மஃரிபுக்கு மாத்தளையில் இருக்கலாம். இறக்கத்தில் சாரதி பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். ஏறிய அதே கீழ்க் கியரில்தான் இறங்கவேண்டும். ஏறி வரும் வாகனத்துக்கு இறங்குபவரே வழிவிட வேண்டும். பாட்டுச் சத்தத்தையும் பிள்ளைகளின் கூச்சலையும் அந்த அரை மணி நேரத்துக்கு நிறுத்திவையுங்கள். பிரேக் கருகும் வாடை வந்தால் உடனே சமதரையில் ஓரமாக நிறுத்தி, சக்கரங்கள் தானாக ஆறும் வரை காத்திருங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். ரத்தோட்டையில் எப்படியும் ஒரு தேநீருக்கு நிறுத்தி, சாரதிக்கு முதல் கோப்பையைக் கொடுத்துவிட்டு, வேனில் ஏறுமுன் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எண்ணிக்கொள்ளுங்கள்.