குதிரைத்திறனைக் கடைசியில் பாருங்கள்

கரையிலிருந்து 40, 50 கடல்மைல் தாண்டிப் போய்த் தூண்டில் போடுகிறவர்களிடம் இரட்டை உடல் படகான கேட்டமரானுக்குத் தனி மவுசு உண்டு. அமெரிக்காவின் ஃப்ளோரிடா கரையில் 26 அடி நீளக் கேட்டமரானும், அதன் பின்பலகையில் மூலைக்கு ஒன்றாகத் தொங்கும் இரண்டு அவுட்போர்டு மோட்டார்களும் அன்றாடக் காட்சி. ஃபைபர் உடல் ஒழுங்காகப் பராமரித்தால் 25, 30 ஆண்டு உழைக்கும். உப்புநீரை உறிஞ்சி உறிஞ்சிக் குளிரும் மோட்டாருக்கு அவ்வளவு ஆயுள் கிடையாது. அதனால் படகு வைத்திருப்பவர் அதன் ஆயுளில் ஒரு முறையாவது மோட்டார் மாற்ற வேண்டி வரும். அப்போது எல்லோரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: எத்தனை குதிரைத்திறன்? பழையது 150 என்றால் புதியதும் 150. கையில் காசு இருந்தால் 200. கேட்க நியாயமாகத் தோன்றும் இந்தக் கணக்கு தலைகீழானது. இரட்டை உடல் படகுக்கு முதலில் பார்க்க வேண்டியது மோட்டாரின் எடை. அடுத்தது கியரும் விசிறியும். மோட்டாரின் மூடியில் பெரிதாக எழுதியிருக்கும் குதிரைத்திறன் கடைசியில்தான் வர வேண்டும்.

'பழையதைப் போலவே இன்னொன்று' என்ற வழி இன்று அடைபட்டுவிட்டதற்கு மோட்டார்களின் வரலாறே காரணம். 20 ஆண்டுகளுக்கு முந்தைய படகுகள் பலவற்றில் இருந்தவை டூ ஸ்ட்ரோக் மோட்டார்கள். வால்வு, கேம்ஷாஃப்ட் எதுவும் இல்லாததால் அவை எடை குறைந்தவை. ஆனால் கார்புரேட்டர் வைத்த டூ ஸ்ட்ரோக்கில் ஊற்றும் பெட்ரோலில் கால் பங்கு, சில சமயம் அதற்கும் மேல், எரியாமலே புகையோடு கடலுக்குப் போனது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1990-களின் கடைசியிலிருந்து 2006 வரை படிப்படியாக இறுக்கிய புகை விதிகளுக்கு அவற்றால் ஈடுகொடுக்க முடியவில்லை. எரிபொருளை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் நவீன டூ ஸ்ட்ரோக் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தது. 2020 மே மாதம் எவின்ரூட் மோட்டார்களின் உற்பத்தியை பிஆர்பி நிறுவனம் நிறுத்தியதோடு அந்தக் கதையும் ஏறக்குறைய முடிந்தது. கடையில் இன்று கிடைப்பது ஃபோர் ஸ்ட்ரோக். அதே 150 குதிரைத்திறனுக்குப் பழைய மோட்டார் 170 முதல் 190 கிலோ வரை இருந்தது. புதியது 206 கிலோவில் தொடங்கி 230-ஐத் தாண்டும். 200, 225 என்று மேலே போனால் ஜோடிக்கு 100 கிலோவுக்கு மேல் கூடுவது சாதாரணம்.

இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள படகுக்கு 100 கிலோ ஒரு பொருட்டா என்று கேட்கலாம். எவ்வளவு எடை என்பதைவிட அது எங்கே தொங்குகிறது என்பதே இங்கே முக்கியம். ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒவ்வோர் உடலும் நீர்மட்டத்தில் 7 மீட்டர் நீளம், 80 சென்டிமீட்டர் அகலம் என்று கொள்வோம். கூடுதல் 100 கிலோவைப் படகின் நட்டநடுவில் வைத்தால் படகு முழுதும் சுமார் ஒரு சென்டிமீட்டர் அமிழும், கண்ணுக்கே தெரியாது. அதே 100 கிலோவைப் பின்பலகையில் தொங்கவிட்டால் அது நெம்புகோல் போல வேலை செய்கிறது. பின்முனை ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் இறங்கும். அணியம் ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் மேலெழும். அகன்ற ஒற்றை உடல் படகென்றால் பின்பகுதியின் முழு அகலமும் நீரில் அமர்ந்து இந்தப் பளுவைத் தாங்கும். கேட்டமரானில் தாங்குவதற்கு இருப்பவை இரண்டு ஒடுங்கிய பட்டைகள் மட்டுமே. அலையைக் கத்திபோல் வெட்டிப் போக உதவும் அந்த ஒடுக்கமேதான் பின்பளுவைத் தாங்க முடியாத பலவீனமும்.

இந்த 4 சென்டிமீட்டர் ஏன் முக்கியம் என்பதை விளக்க, கேட்டமரான் என்ற பெயரைத் தந்த நம் கட்டுமரத்தைவிடப் பொருத்தமான உதாரணம் இல்லை. வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி 1697-இல் வெளிவந்த தன் பயண நூலில் சோழமண்டலக் கரையின் மிதவைகளுக்கு அந்தப் பெயரைக் குறித்திருக்கிறார். கட்டுமரத்துக்கு இரண்டு உடல் கிடையாது. அது சேர்த்துக் கட்டிய மரங்கள். மேலேறும் அலை மரங்களின் இடுக்கு வழியே வழிந்துவிடும், இறைக்க வேண்டியதில்லை. இன்றைய கேட்டமரான் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டாலும், அந்தக் குணத்தை வேறு வழியில் கொண்டுவர முயல்கிறது. அதன் தளம் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே அமைந்திருக்கிறது. தளத்தில் விழும் நீர் பின்மூலைகளில் உள்ள வடிகால் துளைகள் வழியே தானாக வெளியேறுகிறது. தளம் நீர்மட்டத்தைவிட மேலே இருக்கும்வரைதான் இது நடக்கும். பின்பகுதி 4 சென்டிமீட்டர் இறங்கி, அங்கே இரண்டு பேர் நின்று மீனை இழுத்தால், அதே துளை வழியே கடல் உள்ளே வருகிறது. நீரை வெளியேற்ற வைத்த வழி நீரை உள்ளே விடும் வழியாகிவிடுகிறது. வேகமானி இதைக் காட்டாது. விற்பனையாளரும் சொல்ல மாட்டார்.

எடைக்கு அடுத்தது கியரும் விசிறியும். படகைத் தள்ளுவது மோட்டார் அல்ல, விசிறி பின்னுக்குத் தள்ளும் நீர். ஒரு விநாடியில் எத்தனை கிலோ நீரை, எவ்வளவு வேகம் கூட்டித் தள்ளுகிறோம் என்ற பெருக்கலே தள்ளுவிசை. அந்த நீரோடு வீணாகப் போகும் ஆற்றலோ, கூட்டிய வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே கொஞ்சம் நீரை வேகமாகத் தள்ளுவதைவிட நிறைய நீரை நிதானமாகத் தள்ளுவது சிக்கனம். அதற்கு விசிறி பெரிதாக இருக்க வேண்டும், மெதுவாகச் சுற்ற வேண்டும். அதைத் தீர்மானிப்பது கியர் விகிதம், அதாவது விசிறி ஒரு முறை சுற்ற மோட்டார் எத்தனை முறை சுற்றுகிறது என்பது. ஒரே 150 குதிரைத்திறன் வகையில் மெர்க்குரியின் மோட்டார் 3 லிட்டர் கொள்ளளவும் 206 கிலோ எடையும் கொண்டது. அதன் கியர் விகிதம் 1.92. சுசுகியின் மோட்டார் 2.9 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. எடை 25 கிலோவுக்கு மேல் அதிகம். ஆனால் கியர் விகிதம் 2.5. யமஹா 2.0, ஹோண்டா 2.14 என்று இடையில் நிற்கின்றன. எடை குறைந்தது வேண்டுமா, பெரிய விசிறியை நிதானமாகச் சுற்றுவது வேண்டுமா என்பதுதான் இங்கே உண்மையான தேர்வு. நான்கின் மூடியிலும் எழுதியிருப்பது அதே 150.

கியர் மாறினால் பழைய விசிறி உதவாது. விசிறியின் பிட்ச் என்பது, வழுக்கல் இல்லையென்றால் ஒரு சுற்றில் அது முன்னேறும் தூரம். 2.0 கியர், 17 அங்குலப் பிட்ச், நிமிடத்துக்கு 5500 சுற்று என்று வைத்தால் விசிறி நிமிடத்துக்கு 2750 முறை சுற்றி, ஏட்டளவில் மணிக்கு 71 கிலோமீட்டர் ஓட வேண்டும். 15 சதவீதம் வழுக்கல் போனால் 60 கிலோமீட்டர். 2.5 கியர் உள்ள மோட்டாரில் அதே விசிறியை மாட்டினால் அதே 5500 சுற்றில் 48 கிலோமீட்டர்தான் கிடைக்கும். மோட்டார் போதிய பளுவில்லாமல் தன் சுற்று எல்லையில் போய் முட்டும். பழைய வேகம் வேண்டுமென்றால் 21 அங்குலப் பிட்ச் தேவை. பிட்ச் ஓர் அங்குலம் மாறினால் சுற்று ஏறக்குறைய 150 முதல் 200 வரை மாறும் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கைக்கணக்கு. எரிபொருள், பனிக்கட்டி, ஆட்கள் எல்லாம் ஏற்றிய பிறகும் மோட்டார் தன் உச்சச் சுற்றை நெருங்குகிறதா என்று பார்த்தே விசிறியை முடிவு செய்ய வேண்டும். காலிப் படகில் ஓட்டிப் பார்த்து வாங்கிய விசிறி, 600 லிட்டர் பெட்ரோல் நிரப்பினாலே கூடிவிடும் 440 கிலோவில் திணறிப் போகும்.

குதிரைத்திறனைக் கடைசியில் வைப்பதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு: ஆழ்கடலில் வானிலை திடீரென்று கெட்டால் கையிருப்பில் கொஞ்சம் திறன் இருப்பது உயிரைக் காக்காதா? பெரிய மோட்டார் அதிக எரிபொருள் குடிக்கும் என்று சொல்லி இதை மறுத்துவிட முடியாது. ஒரே வேகத்தில் ஓடும் வரை எரிபொருளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் படகுக்குத் தேவைப்படும் திறன்தான். மூடியில் எழுதிய எண் அல்ல. ஆனால் அந்தக் கையிருப்பு எதை வாங்கித் தருகிறது என்று பார்க்க வேண்டும். வேகப் படகுகளுக்கு அமெரிக்க வடிவமைப்பாளர் ஜார்ஜ் க்ரவுச் தந்த வாய்பாட்டின்படி, உச்ச வேகம் குதிரைத்திறனை எடையால் வகுத்து வரும் ஈவின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 150-ஐ 200 ஆக்கினால் திறன் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. வேகம் 15 சதவீதம்தான் கூடும், அதுவும் எடை கூடாமல் இருந்தால். 32 நாட் (மணிக்கு 32 கடல்மைல்) வேகம் 37 ஆகும். கண்ணாடிபோல் கிடக்கும் கடலில் அது இன்பம்தான். வானிலை கெட்ட கடலில் எந்தப் படகும் 37 நாட்டில் ஓடாது. அங்கே தேவைப்படுவது பின்பகுதியின் மிதப்பு. பெரிய மோட்டாரின் எடை குறைப்பது அந்த மிதப்பைத்தான்.

அப்படியானால் ஆகச் சிறிய, எடை குறைந்த மோட்டார் போதுமா? அதுவும் இல்லை. குறைந்தபட்ச எல்லை ஒன்று உண்டு. முழுப் பளுவோடு வழக்கமான பயண வேகத்தில் மோட்டார் நிமிடத்துக்கு 3500 முதல் 4500 சுற்றுக்குள் ஓட வேண்டும். அதற்கு மேல் 5000-ஐத் தாண்டி எப்போதும் விரட்டினால்தான் படகு எழும்பி ஓடும் என்றால் மோட்டாரின் ஆயுளும் குறையும், எரிபொருளும் கரையும். சுசுகியின் 140 குதிரைத்திறன் மோட்டார் 179 கிலோதான். எடையில் பழைய டூ ஸ்ட்ரோக்கின் இடத்தில் அப்படியே உட்காரும். ஆனால் அதன் கொள்ளளவு 2 லிட்டர்தான். பளுவோடு எழும்பும் கணத்தில் உதவுவது கொள்ளளவு தரும் முறுக்குவிசை. 2.59 என்ற கியர் விகிதம் அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டுகிறது. எடை குறைந்த படகுக்கு அது போதும். கனத்த படகுக்குப் போதாது. படகின் உண்மை எடை தெரியாமல் இதைத் தீர்மானிக்க முடியாது.

கெட்டுப்போனது ஒரு மோட்டார்தானே, அதை மட்டும் மாற்றினால் பாதிச் செலவில் முடியுமே என்பது அடுத்த வாதம். ஒற்றை உடல் படகில் இரண்டு மோட்டார்களும் அருகருகே நிற்கும். சிறு ஏற்றத்தாழ்வை அது பொறுத்துக்கொள்ளும். 26 அடிக் கேட்டமரானில் அவற்றுக்கு இடையே ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் இடைவெளி. துறைமுகத்தில் ஒன்றை முன்னும் மற்றொன்றைப் பின்னும் ஓட்டி, நின்ற இடத்திலேயே படகைத் திருப்ப உதவுவது இந்த இடைவெளிதான். ஆனால் இரு பக்கமும் தள்ளுவிசை ஒத்துப்போகாவிட்டால் அதே இடைவெளி எந்நேரமும் படகை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டே இருக்கும். பழைய டூ ஸ்ட்ரோக் ஒன்றும் புது ஃபோர் ஸ்ட்ரோக் ஒன்றும் சேர்ந்த ஜோடி நுகத்தடியில் உயரம் ஒவ்வாத இரண்டு மாடுகளைப் பூட்டியது போல. அதோடு இந்த ஜோடிகளில் விசிறிகள் பொதுவாக எதிரெதிர்த் திசையில் சுற்றுகின்றன. புதிய மோட்டார் எந்தத் திசை வகை என்பதையும் பார்க்க வேண்டும்.

இரண்டு மோட்டார் வைப்பதே ஒன்று நின்றால் மற்றொன்றில் வீடு திரும்பத்தான் என்பார்கள். உண்மை, ஆனால் பாதி உண்மை. ஒரு மோட்டாரில் ஓடும்போது தள்ளுவிசை ஒரு மூலையிலிருந்து மட்டும் வருகிறது. சுக்கானை எதிர்ப்பக்கம் திருப்பியே பிடித்திருக்க வேண்டும். இருவர் பளுவை ஒருவர் இழுக்கும்போது, இருவருக்காகத் தேர்ந்த பிட்ச் ஒருவருக்கு அதிகம்; மோட்டார் திணறும். படகு எழும்பாது, 6, 7 நாட்டில் ஊரும். 50 கடல்மைலுக்கு 7, 8 மணி நேரம். அந்த 7, 8 மணி நேரத்தைக் காப்பது குதிரைத்திறன் அல்ல. இரண்டு மோட்டாருக்கும் தனித்தனித் தொட்டி, தனி வடிகட்டி, தனி பேட்டரி. ஒரே தொட்டியில் நீர் கலந்துவிட்டால் இரண்டு மோட்டாரும் ஒன்றாகவே நிற்கும். மோட்டாருக்கு ஒதுக்கிய பணத்தில் மிச்சம் பிடித்து இதைச் செய்வது, 50 குதிரைத்திறன் கூட்டுவதைவிடப் பலன் தரும்.

ஆகவே வரிசை இது: படகைக் கட்டியவர் விதித்த எடை வரம்பு, கியர் விகிதமும் விசிறியும், ஒன்று நின்றால் மற்றொன்று காக்குமா என்பது, அதன் பிறகு குதிரைத்திறன். முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். அதற்கு மணல் மூட்டை வாங்கும் செலவுதான். புதிய ஜோடி பழையதைவிட எத்தனை கிலோ கூடுதலோ அத்தனை கிலோ மணல் மூட்டைகளைப் பின்பலகையை ஒட்டி அடுக்குங்கள். தொட்டியை நிரப்புங்கள், பனிக்கட்டியை ஏற்றுங்கள், இரண்டு பேரை ஒரே பின்மூலையில் நிற்கச் சொல்லுங்கள். பிறகு குனிந்து வடிகால் துளையைப் பாருங்கள். அதில் நீர் மேலேறி வந்தால், அந்த மோட்டார் எவ்வளவு நல்லதானாலும் உங்கள் படகுக்கு உரியதல்ல.