ஒரு பேரேடும் மூன்று ஊர்களும்

'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பது நம் முன்னோர் வாக்கு. தாமிரபரணிக் கரையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இப்பழமொழியை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வாரி இறைக்கும் செல்வனாயினும், தான் இறைத்தது எவ்வளவு என்பதை அறிந்திருத்தல் வேண்டும். அளந்தால் மட்டும் போதாது. அளந்ததை எழுதி வைக்கவும் வேண்டும். எழுதி வைத்ததைப் பார்க்க வேண்டியவர் வேறோர் ஊரில் இருப்பாராயின் என்ன செய்வது? அவரும் அதே ஏட்டில் எழுத வேண்டியவராயின் என்ன செய்வது? இவ்விரண்டு வினாக்களுக்கும் விடை காண்பதே இப்பேச்சின் நோக்கம்.

நான் 33 ஆண்டுகள் ஆசிரியப் பணியாற்றி, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன். என் தங்கை மகன் அப்பளத் தொழில் நடத்துகிறான். அப்பளம் இடுவது கல்லிடைக்குறிச்சியில்; விற்கும் கடை ஏறத்தாழ 35 கிலோமீட்டர் கிழக்கே திருநெல்வேலிச் சந்திப்பில்; கணக்கைச் சரிபார்க்கும் ஆடிட்டர் ஆற்றுக்கு அப்பால் பாளையங்கோட்டையில். "மாமா, ஓய்வாகத்தானே இருக்கிறீர்கள், கணக்கை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அவன் கேட்டபோது மகிழ்ச்சியோடு இசைந்தேன். 500 மாணவர்களின் மதிப்பெண்களைக் கூட்டியவனுக்கு அப்பளக் கணக்கு ஒரு பொருட்டா என்று எண்ணினேன். அந்த எண்ணமே என்னைப் பின்னர் இடறச் செய்தது.

முற்காலத்துச் சிறு வணிகர் ஆண்டுக்கு ஒருமுறை கணக்கு முடித்தால் போதும் என்றிருந்தனர். 2017-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளன்று சரக்கு, சேவை வரி நடைமுறைக்கு வந்தபின் அந்நிலை மாறிவிட்டது. மாதந்தோறும் அறிக்கை தரும் வணிகர், முன்மாதத்து விற்பனை விவரத்தை மறுமாதம் 11-ஆம் நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ஆகவே கடையிலுள்ள கணக்கு ஆடிட்டரிடம் மாதந்தோறும் போய்த் திரும்ப வேண்டியதாயிற்று.

2019-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நான் கணக்குக் கோப்பைப் படியெடுத்து மின்னஞ்சலில் பாளையங்கோட்டைக்கு அனுப்பினேன். ஆடிட்டர் அலுவலகத்தார் அதிலிருந்த பிழைகளைத் திருத்தி, 11 நாள் கழித்துத் திருப்பி அனுப்பினர். நான் அதனைக் கடைக் கணிப்பொறியில் பழைய கோப்பின் மேலேயே பதிந்துவிட்டேன். இடைப்பட்ட 11 நாள்களும் கடையில் விற்பனை நடந்தது, வரவு வந்தது, அப்பளம் இடும் பெண்களின் கூலியும் எழுதப்பட்டது. அவ்வளவும் ஒரு நொடியில் அழிந்தன. அழிந்தது எனக்குத் தெரியவும் இல்லை.

மறுமாதம் சேரன்மகாதேவிக் கடைக்காரர் ஒருவருக்கு, 18,400 ரூபாய் பாக்கி என்று நினைவூட்டுக் கடிதம் எழுதினேன். அவர் நேரில் வந்தார். சினந்து பேசவில்லை. பணம் செலுத்திய பற்றுச்சீட்டை மேசை மீது வைத்து, "சார்வாள், பணம் கொடுத்தது நான், மறந்தது உங்கள் பொறி. ஊரார் இதைக் கேட்டால் குறைவது யாருடைய நாணயம்?" என்றார். நாணயம் என்னும் சொல் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். இரண்டும் ஒரே ஏட்டில் எழுதப்படுகின்றன என்பதை 60 வயதுக்கு மேல் நான் கற்றேன். பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளைக் கொண்டும், அப்பளம் இடும் பெண்கள் தாமே குறித்து வைத்திருந்த சிறு நோட்டுகளைக் கொண்டும், அந்த 11 நாள் கணக்கை மீண்டும் எழுதி முடித்தோம்.

என் பிழை யாது? பள்ளியிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுக் கூறுகிறேன். வகுப்பின் வருகைப் பதிவேட்டைப் படியெடுத்து, மூலத்தை ஓர் ஆசிரியரிடமும் படியை மற்றோர் ஆசிரியரிடமும் கொடுத்து, இருவரையும் எழுதச் சொன்னால் என்ன ஆகும்? மாலையில் இரண்டு பதிவேடுகள் இருக்கும், இரண்டும் குறையுள்ளவை. ஒன்றின் மேல் மற்றொன்றை வைத்தால் கீழே உள்ளது மறையுமேயன்றி, இரண்டும் கூடி ஒன்றாகா. படி என்பது படிப்பதற்கும் பாதுகாப்பதற்கும் உரியது. இரண்டு படிகளில் இருவர் ஒரே காலத்தில் எழுதத் தொடங்கினால், அப்போதே கணக்கு இரண்டாகப் பிளந்துவிடுகிறது.

இந்த உண்மையை நம் நாட்டு வணிகர் நன்கறிந்திருந்தனர். நகரத்தார் கடல் கடந்து பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கொடுக்கல் வாங்கல் நடத்தினர். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். முகவர் இரங்கூனில் இருப்பார். முகவரின் பணிக்காலம் பெரும்பாலும் மூன்றாண்டு. அங்கே பேரேட்டில் எழுதுபவர் முகவர்; கணக்கின் நகல் தபாலில் ஊருக்கு வரும். முதலாளி அதனைப் படிப்பார். ஐயம் எழுந்தால் கடிதம் எழுதுவார். நகலில் திருத்தம் செய்து, அதையே பேரேடாகக் கொள்க என்று திருப்பி அனுப்பும் வழக்கம் இல்லை. கப்பல் காலத்தில் விளங்கியிருந்த இந்த ஒழுங்கை, கணிப்பொறிக் காலத்தில் நான் மறந்தேன்.

இனி, தொலைவிலுள்ள கணிப்பொறிகளுக்கிடையே கணக்கைப் பகிர்ந்துகொள்ளும் வழிகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, முறைவைத்துப் படி அனுப்புதல். படி வெளியே சென்றிருக்கும் வரை மூலத்தில் எவரும் எழுதலாகாது. இது பாதுகாப்பானது, ஆனால் அதுவரை கடையின் எழுத்துவேலை நின்றுவிடும். அமெரிக்காவில் வழங்கும் குவிக்புக்ஸ் என்னும் மென்பொருள் இதற்கு ஓர் உத்தி வைத்திருக்கிறது. ஆடிட்டருக்குப் படி அனுப்பும்போதே ஒரு நாள் குறிக்கப்படும். அந்நாளுக்கு முந்திய பதிவுகளை ஆடிட்டர் திருத்தலாம். பிந்தியவற்றை வணிகர் எழுதலாம். ஒருவர் எல்லையில் மற்றவர் புகுவதில்லையாதலின், பின்னர் இரண்டையும் இணைக்க முடிகிறது.

இரண்டாவது, டிராப்பாக்ஸ், கூகுள் டிரைவ் போன்ற இணையப் பெட்டகத்தில் கோப்பை வைத்து, இரு ஊராரும் திறத்தல். கடிதங்களுக்கும் படங்களுக்கும் இது மிக ஏற்றது. உயிருள்ள கணக்குக்கு ஏற்றதன்று. ஒரு கணக்கு என்பது பெரும்பாலும் தம்முள் பிணைந்த பல கோப்புகளின் தொகுதி. பெட்டகம் அவற்றைத் தனித்தனியே சுமந்து செல்கிறது. சில வந்து சேர்ந்து, சில சேராத நேரத்தில் திறந்தால் கணக்குக் குலையும். இருவர் ஒருங்கே எழுதினாலோ, முரண்பட்ட இரண்டு படிகள் உண்டாகும்.

மூன்றாவது, கோப்பை அசைக்காமல் திரையை மட்டும் தொலைவுக்குக் கொண்டு செல்லுதல். ஆடிட்டர் பாளையங்கோட்டையில் அமர்ந்து எழுத்துகளைத் தட்டுகிறார். எழுதப்படுவது சந்திப்பிலுள்ள கணிப்பொறியில். இணைப்பு அறுந்தாலும் ஏடு தன் இடத்தில் நலமாக இருக்கும். ஆனால் இக்கதவைத் தாழிடாமல் விட்டால் திருடரும் நுழைவர். கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் கயவர் பலர் இவ்வழியாகவே புகுகின்றனர். வலிய கடவுச்சொல்லும், கைப்பேசிக்கு வரும் இரண்டாம் சரிபார்ப்பும், மறைகுறியிட்ட தனிவழி இணைப்பும் இன்றி இதனைக் கைக்கொள்ளலாகாது.

நான்காவது, கோப்பை அனுப்பாது பதிவுகளை மட்டும் அனுப்புதல். நம் நாட்டுக் கடைகளில் பெருவழக்கமாயுள்ள டேலி மென்பொருளில் இவ்வசதி உண்டு. ஆலைகளுக்கு மூலப்பொருளும் இயந்திர உறுப்புகளும் விற்றுவந்த சியாம் சுந்தர் கோயங்கா தமக்கேற்ற கணக்கு மென்பொருள் கிடைக்காமையால், அவர் மகன் பரத் கோயங்கா ஒன்றை எழுத, 1986-இல் பெங்களூரில் தந்தையும் மகனும் தொடங்கிய நிறுவனம் அது. ஒரு கிளையில் எழுதிய பதிவு, ஒத்திசைவு என்னும் முறையால் மற்றக் கிளையின் ஏட்டில் சென்று சேர்கிறது. இதற்குப் பெயர்கள் ஒத்திருத்தல் வேண்டும். கடையில் 'சேரன்மகாதேவி' என்றும், கல்லிடைக்குறிச்சியில் 'சேர்மாதேவி' என்றும் எழுதினால், நமக்கு ஊர் ஒன்றே; பொறிக்கு அவை இரண்டு. ஒருவர் கணக்கு இரண்டு பக்கங்களில் சிதறிவிடும்.

ஐந்தாவது, பேரேட்டையே இணையத்திலுள்ள நிறுவனத்திடம் ஒப்படைத்து, எல்லாரும் அங்கேயே சென்று எழுதுதல். ஏடு ஒன்றே, எழுதுவோர் பலர்; முறைப்படுத்துவது பொறியின் வேலை. எளிய வழிதான்; ஆனால் வீடு நம்முடையதன்று. குவிக்புக்ஸ் நிறுவனம் 2023-ஆம் ஆண்டில் இந்தியச் சேவையை நிறுத்தியபோது, அங்கே கணக்கு வைத்திருந்தோர் அனைவரும் இடம்பெயர நேர்ந்தது. ஆகையால் கணக்கு முழுவதையும் நம் கைக்கு எடுத்துக்கொள்ள வழி உண்டா என்று குடிபுகுமுன்னரே கேட்டறிய வேண்டும்.

இவற்றுள் நாங்கள் கைக்கொண்டது மூன்றாவது வழி. பேரேடு சந்திப்புக் கடையில் மட்டும் இருந்தது. நானும் ஆடிட்டர் அலுவலகத்தாரும் தொலைவிலிருந்து திரை வழியாக அதிலேயே எழுதினோம். ஒவ்வொருவருக்கும் தனிப்பெயர், தனிக்கடவுச்சொல். கம்பெனிச் சட்டத்தின் கீழ்ப் பதிவான நிறுவனங்கள், யார் எந்தப் பதிவை என்று மாற்றினார் என்பதைக் காட்டும் திருத்தக் குறிப்பைக் கணக்கு மென்பொருளில் வைத்திருக்க வேண்டும் என்னும் விதி 2023 ஏப்ரல் முதல் நாளிலிருந்து நடைமுறையில் உள்ளது. எங்கள் தொழில் அவ்வகைக் கம்பெனியன்று. எனினும் அந்த வசதியை நாங்களும் வைத்துக்கொண்டோம். இரவுதோறும் கடையடைக்கும்போது ஒரு காப்புப் படி கல்லிடைக்குறிச்சி வீட்டு மாடிக்குப் போய்ச் சேரும். அதில் எவரும் எழுதக்கூடாது என்பது உறுதியான கட்டளை.

2023 டிசம்பர் 17, 18 நாள்களில் பெய்த பெருமழையைத் தென்பாண்டி நாட்டார் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரைமீறியது, சந்திப்புப் பகுதி நீரில் ஆழ்ந்தது. எங்கள் கடைக்குள்ளும் வெள்ளம் புகுந்தது. அப்பளமும் போயிற்று, கணிப்பொறியும் போயிற்று, அலமாரியிலிருந்த பழைய காகித ஏடுகள் கூழாயின. வெள்ளம் வடிந்தபின் வேறொரு கணிப்பொறியில் சனிக்கிழமை இரவுக் காப்புப் படியைப் பதிந்து திறந்தோம். யார் எவ்வளவு தரவேண்டும், யாருக்கு நாம் எவ்வளவு தரவேண்டும் என்பதெல்லாம் ஒரு காசு பிசகாமல் இருந்தன. எல்லா வீட்டிலும் பணமுடை வந்திருந்த அந்த வாரத்தில், அப்பளம் இடும் பெண்களுக்கு, "உனக்கு எவ்வளவு பாக்கி?" என்று அவர்களைக் கேளாமலே கூலியை எண்ணிக் கொடுக்க முடிந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் அவர்களுடைய நோட்டுகள் எங்கள் கணக்கைக் காத்தன. இம்முறை எங்கள் கணக்கு அவர்களுடைய கூலியைக் காத்தது.

சிறு வணிகம் செய்யும் அன்பர்களுக்கு நான் கூற விரும்புவது இதுவே. எந்த மென்பொருளை வாங்கலாம் என்று கேட்பதற்கு முன், மூன்று வினாக்களைத் தாளில் எழுதி விடை காணுங்கள். ஏடு எங்கே இருக்கிறது? அதில் எழுதுவோர் யார், எந்த நாள் வரை? ஏடு அழிந்தால் படி எங்கே? தாமிரபரணியிலிருந்து எத்தனையோ கால்வாய்கள் பிரிந்து ஊர்தோறும் நீர் கொண்டு செல்கின்றன. ஆயினும் ஆறு ஒன்றே. கணக்கும் அவ்வாறே இருத்தல் வேண்டும். பார்ப்பவர் எத்தனை ஊரிலும் இருக்கலாம். பேரேடு ஒன்றாக இருக்கட்டும்.