கட்டணமில்லாப் படிப்புக்கும் கையிருப்பு தேவை

"ஜெர்மனியில் படிப்பு இலவசமாமே, ஐயா?" என்று என் முன்னாள் மாணவர்கள் கேட்பதுண்டு. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மைதான். பாடன் வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் மட்டும் பார்த்தால், நம் மாணவர்கள் பருவத்துக்கு 1,500 யூரோ செலுத்த வேண்டும்.

பெரிய செலவு வேறு. 2024 செப்டம்பர் முதல், உதவித்தொகை இல்லாதவர்கள் விசாவுக்காக, ஓராண்டு வாழ்க்கைச் செலவாக 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் செலுத்திக் காட்டுவதே வழக்கம். அங்கு சென்றபின் மாதம் 992 யூரோ வீதம் எடுக்கலாம். ஆண்டுக்கு 140 முழு நாள்கள் வேலை செய்ய அனுமதி உண்டு. ஆனால், அந்தச் சம்பளம் போய்ச் சேர்ந்த பிறகே வரும். கணக்கில் காட்டும் பணமோ புறப்படும் முன்பே வேண்டும்.

டி.ஏ.ஏ.டி. உதவித்தொகை பலவற்றுக்கு ஏறத்தாழ ஓராண்டு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். பெற்றோர் நிலத்தை அடகு வைக்கும் முன், இந்தக் கணக்கை அவர்களுக்குப் போட்டுக் காட்டுவோம்.