கடல் கடந்து குடிபெயர்வோரின் வீட்டுச் சாமான்களும் தொற்றுத் தடைச் சோதனையும்

நிலபுலன் உடைய குடும்பங்கள் பலவற்றில் இக்காலத்தில் பிள்ளைகளோ பெண்களோ அயல்நாடுகளில் உத்தியோகம் பெற்றுக் குடும்பத்துடன் குடிபெயர்ந்து செல்கின்றனர். அவ்வாறு செல்வோர் பாத்திரம், பண்டம், கட்டில், பெட்டி முதலிய வீட்டுச் சாமான்களைக் கப்பலில் அனுப்புவதும் வழக்கமாகிவிட்டது. ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து ஆகிய நாடுகளின் துறைமுகங்களில் இச்சாமான்கள் மிகக் கண்டிப்பான சோதனைக்கு உட்படுகின்றன. சோதனையின் காரணத்தையும் முறையையும் அறியாமல் மூட்டை கட்டுவோர் வீண் செலவுக்கும் மனவருத்தத்துக்கும் ஆளாகின்றனர். ஆகையால், சாமான் கட்டும் முன் கவனிக்கவேண்டிய விஷயங்கள் இங்கே விவரிக்கப்படுகின்றன.

சோதனை எதற்காக?

தொற்றுத் தடைக்குரிய குவாரண்டைன் என்னும் சொல் நாற்பது என்னும் பொருள்தரும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. கொள்ளைநோய்க்கு அஞ்சி, கப்பல்களை நாற்பது நாள் ஒதுக்கி நிறுத்திய பழைய வழக்கமே அதற்கு மூலம். தமிழ்நாட்டாருக்கும் இது புதிதன்று. முற்காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்கள், ராமேசுவரத்துக்கு அருகிலுள்ள மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டுச் சோதிக்கப்பட்ட பின்னரே கடல் கடந்தனர். அக்காலத்தில் சோதனை மனிதருக்கு. இக்காலத்தில் அவர்தம் மூட்டைக்கும் சோதனை உண்டு.

மூட்டையில் அப்படி என்ன ஆபத்து என்று கேட்கலாம். கப்ரா வண்டு என்னும் தானியப் பூச்சியை உதாரணமாகக் கொள்வோம். இதன் பிறப்பிடம் இந்தியாவே எனக் கருதப்படுகிறது. வண்டு எள்ளளவே, அதற்குப் பறக்கும் சக்தி இல்லை. ஆயினும் மயிரடர்ந்த அதன் புழு பெட்டியின் இடுக்கிலும் சாக்கின் மடிப்பிலும் ஒளிந்துகொண்டு, இரையின்றியே வருஷக்கணக்கில் உயிர் வாழவல்லது. 1953ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இவ்வண்டு கண்டுபிடிக்கப்பட்டது. அதை அடியோடு ஒழிக்க 1966ஆம் ஆண்டு வரை பாடுபட வேண்டியிருந்தது. செலவு சுமார் 1 கோடியே 10 லட்சம் டாலர். 2020ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் இறக்குமதியான குளிர்ப்பெட்டிகளுடன் இவ்வண்டு காணப்பட்டது. தானியமே இல்லாத சரக்கிலும் அது பிரயாணம் செய்யும் என்பதற்கு இதுவே சான்று.

கால்நடை நோய்களும் இவ்வாறே. நம் ஊர்களில் பரவலாகக் காணப்படும் கோமாரி, ஆஸ்திரேலியாவில் 1872ஆம் ஆண்டுக்குப் பின் கண்டதில்லை. 2001ஆம் ஆண்டில் பிரிட்டனில் இந்நோய் புகுந்தபோது, அதை அடக்குவதற்காக 60 லட்சத்துக்கு மேற்பட்ட ஆடுமாடுகளும் பன்றிகளும் கொல்லப்பட்டன. மாட்டுக்கொட்டிலில் மிதித்த செருப்பின் அடியில் ஒட்டிய சாணமும் மண்ணும் இந்நோயின் விஷக்கிருமியைச் சுமந்து செல்லக்கூடும். செருப்பைக் கையிலெடுத்து அதிகாரி புரட்டிப் பார்ப்பதன் காரணம் இதுவே.

நமக்கு நேர்ந்த அனுபவம்

அயல்நாட்டார் மிகைப்படச் செய்கின்றனர் என்று எண்ணுவோர், நம் வயல்களில் நடந்ததை நினைத்தல் நலம். மெக்ஸிகோவையும் மத்திய அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி 2008ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் காணப்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி ஆகிய பயிர்கள் பெருஞ்சேதம் அடைந்தன. 2010ஆம் ஆண்டில் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்து விட்ட பின்னரே அது அடங்கிற்று. 2016ஆம் ஆண்டில் பொள்ளாச்சிப் பகுதித் தென்னந்தோப்புகளில் சுருள் வெள்ளை ஈ தோன்றியது. இவையாவும் கடல் கடந்து வந்தவையே. தன் தோப்பு கரும்பூஞ்சை படிந்து நிற்கக் கண்ட குடியானவர், பிறர் வயலுக்காகச் செய்யப்படும் காவலைக் குறை கூறமாட்டார்.

வீட்டிலேயே நிறுத்தவேண்டியவை

நெல், அரிசி, பருப்பு, பயறு, கடலை, நிலக்கடலை, மல்லி, சீரகம், சோம்பு, மிளகாய் வற்றல் ஆகியவற்றை வீட்டுச் சாமான்களுடன் அனுப்பலாகாது. கப்ரா வண்டை முன்னிட்டு 2020ஆம் ஆண்டு முதல் ஆஸ்திரேலியா இவற்றுள் பலவற்றைப் பயணிகளின் பொருள்களில் தடை செய்துள்ளது. விதைகள், கிழங்குகள், நாற்றுகள், உலர்ந்த பூக்கள், மாவிலைத் தோரணம், தர்ப்பை, வறட்டி ஆகியவற்றையும் விலக்குக. பால், முட்டை, இறைச்சி கலந்த பண்டங்களுக்கும் கட்டுப்பாடுகள் உண்டு. பொதுவாக, சமையலறையிலிருந்து பாத்திரங்கள் போகலாம். பண்டங்கள் போகவேண்டாம் என்று விதித்துக்கொள்வது எளிது.

இங்கே ஒரு சங்கடம் உண்டு. குடும்பத்துடன் புறப்படும் மகளுக்குத் தாயார் நிறைமரக்கால் நெல்லை மங்கலமாக எடுத்துக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அல்லது பட்டுப்புடவையின் மடிப்பில் ஒரு பிடி விதைநெல்லை முடிந்து வைக்கிறார். அன்பினால் செய்தது; மகளுக்கே தெரியாது. ஆயினும் சோதனையில் அந்நெல் அகப்பட்டால் பறிமுதலாகும். உடனிருந்த துணிமணிகளும் சந்தேகத்துக்கு உள்ளாகும். அறிக்கையில் காட்டாத குற்றத்துக்கு அபராதமும் விதிக்கப்படலாம். ஆகையால், புறப்படும் முன் வீட்டுப் பெரியவர்கள் எல்லோரிடமும் இவ்விஷயத்தைப் பக்குவமாக எடுத்துச் சொல்லவேண்டும். மரக்கால் போகலாம்; நெல் போகலாகாது.

சுத்தம் செய்யும் முறை

1. மண் ஒட்டிய பொருள்கள்: செருப்பு, மிதிவண்டி, மண்வெட்டி, பூச்சட்டி, விளையாட்டுச் சாமான், கூடாரம் ஆகியவற்றை முதலில் தூரிகையால் தேய்த்து, சோப்பு நீரில் கழுவி, வெயிலில் நன்கு உலர்த்துக. செருப்பின் அடிப்பள்ளங்களைக் குச்சியால் தோண்டி மண் நீக்குக. அம்மி, ஆட்டுக்கல் ஆகியவற்றின் குழிகளில் மாவோ மண்ணோ தங்கவிடலாகாது.

2. மரச்சாமான்கள்: கட்டில், பெட்டி, ஊஞ்சல்பலகை ஆகியவற்றைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடிப்பாகத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். ஊசித்துளை போன்ற ஓட்டைகளும் அவற்றின் கீழே மாவு போன்ற மரத்தூளும் தென்பட்டால் பூச்சி உள்ளே உயிருடன் இருப்பதாகக் கொள்க. தூளைத் துடைத்துவிட்டு, கீழே வெள்ளைத் தாள் விரித்துச் சில நாள் வைத்துப் பார்த்தால் உண்மை விளங்கும். பூச்சியுள்ள சாமானைத் தக்கவாறு புகையூட்டிய பின் அனுப்புக, அல்லது விட்டுவிடுக. பட்டை நீக்காத கட்டைகள் கூடவே கூடாது.

3. மூங்கில், பிரம்பு, கோரை, ஓலைச் சாமான்கள்: முறம், கூடை, பாய், துடைப்பம் முதலியவற்றில் பூச்சி எளிதில் தங்கும். இன்றியமையாத ஒன்றிரண்டை மட்டும் தட்டி உதறிச் சுத்தம் செய்து, அறிக்கையில் தனியே குறிப்பிட்டு அனுப்புக.

4. தோல் சாமான்கள்: மிருதங்கம் முதலிய தோல் வாத்தியங்களை ஒளிக்காமல் அறிவித்துச் சோதனைக்குக் காட்டவேண்டும்.

5. அடுக்களை யந்திரங்கள்: மாவரைக்கும் யந்திரம், மிக்ஸி, தூசு உறிஞ்சும் யந்திரம் ஆகியவற்றின் உட்புறத்திலும் அலமாரி மூலைகளிலும் சிந்திய தானியமும் தூசும் இல்லாதபடி துடைக்கவேண்டும்.

கட்டும் முறை

கொலுப்பொம்மைகளை வைக்கோலில் பொதிந்து பெட்டியில் அடுக்குவது நம் வீடுகளின் தொன்றுதொட்ட வழக்கம். வெளிநாட்டுக்கு அனுப்பும்போது இதைக் கைவிடவேண்டும். சுட்ட களிமண் பொம்மைக்குத் தடை இல்லை, வைக்கோலுக்கே தடை. பழைய துணியோ காகிதமோ அவ்வேலையை நன்றாகவே செய்யும். பழம், முட்டை, இறைச்சி வந்த அட்டைப்பெட்டிகளையும் தானியச் சாக்குகளையும் உபயோகிக்கலாகாது. புதிய பெட்டிகளே தக்கவை. மரப்பெட்டியில் அடைப்பதாயின், அம்மரம் உட்பகுதி வரை 56 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில் 30 நிமிஷம் சூடேற்றப்பட்டதோ புகையூட்டப்பட்டதோ என்பதைக் காட்டும் சர்வதேச முத்திரை அதன்மேல் இருத்தல் வேண்டும்.

ஒவ்வொரு பெட்டிக்கும் இலக்கமிட்டு, உள்ளே இருப்பவற்றை ஒவ்வொன்றாக எழுதிய ஜாபிதா தயாரிக்கவேண்டும். “இதர சாமான்கள்” என்று எழுதிய பெட்டியையே அதிகாரிகள் முதலில் திறப்பர். மரம், மூங்கில், தோல் ஆகிய சந்தேகத்துக்குரிய சாமான்களை ஓரிரு பெட்டிகளில் சேர்த்து, கொள்கலத்தின் வாசலருகே வைக்கச் செய்தால் சோதனை விரைவில் முடியும். கட்டும் வேலையைக் கூலியாட்களிடம் முழுதும் ஒப்படைக்காமல் உடையவரே அருகிலிருந்து பார்க்கவேண்டும். கட்டியவர் யாராயினும் அறிக்கையில் கையொப்பமிட்டவரே பொறுப்பாளி ஆவார்.

குற்றம் காணப்பட்ட சாமானுக்கு மூன்று வழிகளே உண்டு: சுத்திகரித்தல், திருப்பி அனுப்புதல், அழித்தல். எதுவாயினும் செலவு உடையவரையே சாரும்; தாமதமானால் கிடங்கு வாடகையும் கூடும். பாட்டனார் காலத்துத் தேக்குப்பெட்டி இவ்வாறு அழிவதைவிட, ஊரிலேயே உறவினர் வீட்டில் இருப்பது மேல். விதிகள் அவ்வப்போது மாறுவதால், புறப்படும் முன் அந்தந்த நாட்டு விவசாய இலாகா வெளியிட்டுள்ள விதிகளைப் பார்த்துக்கொள்வது அவசியம்.

முடிவாக

திரும்பி வருவோருக்கும் இதே நியதிதான். அயல்நாட்டுச் செடி, விதை, பழம் ஆகியவற்றை அனுமதியின்றிக் கொண்டுவருவதை 2003ஆம் ஆண்டின் இந்தியப் பயிர்த் தடைக்காப்பு உத்தரவு தடுக்கிறது. மகன் ஆசையுடன் பெட்டியில் மறைத்துக் கொண்டுவரும் ஒரு ரோஜாக் குச்சி, தந்தையின் தோட்டத்துக்கு மட்டுமன்றி ஜில்லா முழுமைக்கும் கேடாக முடியலாம். கிராம அதிகாரிகளும் முன்னணி விவசாயிகளும் இவ்விஷயத்தைக் குடிபெயர்வோருக்கும் ஊர் திரும்புவோருக்கும் எடுத்துக் கூறுவாராக.

ஆஸ்திரேலியாவின் ரிவரினாப் பிரதேசத்திலும் வாய்க்கால் வெட்டி நீர் பாய்ச்சி நெல் விளைவிக்கும் விவசாயிகள் உள்ளனர். அங்கே குடியேறும் மகள், அவர்கள் வயலில் விளைந்த அரிசியை வாங்கித் தன் தாயின் மரக்காலை நிறைத்துக்கொள்ளலாம். விதைநெல் பிறந்த மண்ணிலேயே, குதிரில் பத்திரமாக இருக்கட்டும்.